கேட் ஓரத்துக் கருப்புத் தோல்

தேனியிலிருந்து கம்பம் போகிற ரோட்டில் வீரபாண்டியைத் தாண்டும்போது, புதுசாகக் கட்டின வீடுகளின் கேட்டைக் கொஞ்சம் பாருங்கள். முன்பெல்லாம் பட்டைக் கம்பியை வளைத்து வெல்டிங் வைத்த பூவேலைதான். இப்போது தகட்டிலேயே மயில், கொடி, பிள்ளையார் என்று லேசரில் வெட்டிப் பொருத்துகிறார்கள். சித்திரையில் கௌமாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிச்சு, கேட்டுக்கும் ஒரு கோட்டிங் பெயிண்ட் கொடுப்பவர்கள் உண்டு. ரெண்டு மழை பெய்த பிறகு பார்த்தால் தகட்டின் முகம் நன்றாக இருக்கும். தோகையின் ஓரத்தில் மட்டும் பெயிண்ட் உரிந்து துரு எட்டிப் பார்க்கும். "பெயிண்ட் சரியில்லப்பா" என்று முடித்துவிடுகிறோம். பல நேரம் குற்றவாளி பெயிண்ட் இல்லை, தகட்டை வெட்டிய காற்று. அந்தக் கதை 1967-இல் தொடங்குகிறது.

லேசர் பிறந்தது 1960-இல், அமெரிக்காவில் தியோடர் மைமன் கையில். ஆரம்ப காலத்தில் அதன் பலத்தை வேடிக்கையாக 'ஜில்லெட்' கணக்கில் சொன்னார்கள். அதாவது, ஒரு வெடிப்பில் எத்தனை ஷேவிங் பிளேடைத் துளைக்கும் என்பதுதான் அளவு. துளை விழுந்தது சரி, வெட்டு விழவில்லை. தொடர்ந்து வெட்டுவதற்கு விடாமல் எரியும் கற்றை வேண்டும். அதைத் தந்தவர் நம்ம நாட்டுக்காரர். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனேயில் பொறியியல் படித்த குமார் பட்டேல், 1964-இல் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார்.

ஆனாலும் அன்றைய லேசரின் பலம் இரும்புக்குப் போதவில்லை. உருகிய இரும்பு வெட்டிலேயே தங்கி மறுபடி இறுகிவிடும். இங்கேதான் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட் வருகிறார். இங்கிலாந்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தில் (இன்றைய டி.டபிள்யூ.ஐ.) 1967 மே மாதம், 300 வாட் லேசர் கற்றையோடு ஆக்சிஜனையும் சேர்த்து ஊதி, 1 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டினார். சூடான இரும்பு ஆக்சிஜன் பட்டால் தானே எரியும், எரிந்து மேலும் சூட்டைத் தரும். பட்டறையில் கேஸ் கட்டிங் பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. லேசர் தீக்குச்சி மாதிரி பற்றவைக்கும். மீதி வேலையில் பாதிக்கு நெருக்கமாக இரும்பே செய்துகொள்ளும்.

எரிந்தால் மிச்சம் இருக்குமே? அதுதான் வெட்டு ஓரத்தில் படிகிற கருஞ்சாம்பல் நிற ஆக்சைடு தோல். பெயிண்ட் இரும்பைப் பிடிப்பதில்லை, இந்தத் தோலைப் பிடிக்கிறது. தோல் இரும்பை விட்டுக் கழன்றால் பெயிண்டும் கூடவே போகும்.

ஓரத்தில் தெரியும் மெல்லிய வரிகளுக்கும் ஆக்சிஜனே காரணம். ஒசாகாவில் யோஷியாகி அராட்டா குழு 1979-இல் இதை விளக்கியது. வேகம் குறைவாக இருந்தால் இரும்பு எரிவது கற்றையை முந்திக்கொண்டு ஓடும், அணையும். கற்றை வந்து சேர்ந்ததும் மறுபடி பற்றும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி.

இதற்கு மாற்று நைட்ரஜன். அதில் இரும்பு எரியாது, உருக மட்டும் செய்யும். உருகியதை 10 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஊதித் தள்ளினால் ஓரம் வெள்ளியாய் மின்னும். எவர்சில்வர் தகட்டை இப்படித்தான் வெட்டுகிறார்கள். ஆனால் எரிதலின் உதவி இல்லாததால் லேசருக்கு முழுப் பலமும் வேண்டும். 2000-க்குப் பிறகு பரவிய ஃபைபர் லேசர் மெல்லிய தகட்டில் அந்தப் பலத்தைக் கொடுத்தது. நைட்ரஜனுக்கு ஆகும் செலவு மட்டும் குறையவில்லை. அதனால் கம்ப்ரசர் காற்றிலேயே வெட்டும் வழக்கமும் வந்தது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். ஓரம் மங்கலாக, அடியில் கொஞ்சம் பிசிறோடு வரும்.

ஆக, ஓரம் நல்லதா கெட்டதா என்பது மெஷினின் விலையை மட்டும் பொறுத்ததில்லை. எந்த வாயு, எந்த வேகம், பிறகு எவ்வளவு கைவேலை என்பதும் சேர்ந்ததுதான். ஆக்சிஜனில் வெட்டிய தகடு மோசமான தகடு கிடையாது. பிரைமர் அடிக்கும் முன் ஓரத்தை அரத்தாலோ கிரைண்டராலோ தேய்த்து, வெள்ளை இரும்பு தெரியவைத்தால் போதும். மயில் தோகை மாதிரி நுணுக்கமான டிசைனில் அந்த வேலைக்கு நேரம் பிடிக்கும், கூலி ஏறும். கடைசி நேர அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் அதுதான்.

புது கேட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது டிசைன் புத்தகத்தைப் புரட்டுவதோடு நிறுத்தாமல், "எந்த கேஸ்ல வெட்டுறீங்க? ஓரத்தைத் தேய்ச்சுத் தருவீங்களா?" என்று ரெண்டு கேள்வி கேளுங்கள். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் ஒருதரம் போய் ஓரத்தைப் பாருங்கள். கருப்பாக இருந்தால் ஆக்சிஜன், வெள்ளியாக இருந்தால் நைட்ரஜன், மங்கலாக இருந்தால் காற்று. கருப்பு இருக்கும்போதே பிரஷ்ஷை எடுக்க விடாதீர்கள்.