விரல் நின்றுவிடும் இடம்

1858 ஜூலை. வங்காளத்தின் ஜங்கிப்பூர். சாலை போடச் சரளை கொண்டுவந்து தருவதாக ராஜ்யாதர் கோனாய் என்பவர் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறார். வாங்கிக்கொள்பவர் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி. வெறும் கையெழுத்து அவருக்குப் போதவில்லை. அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த எண்ணெய் மையைக் கோனாயின் உள்ளங்கையிலும் விரல்களிலும் தடவி, தாளின் பின்பக்கம் முழுக் கையையும் பதிய வைக்கிறார். ரேகை ஆளுக்கு ஆள் மாறும் என்ற ஆராய்ச்சியெல்லாம் அன்று அவரிடம் இல்லை. நாளைக்கு ‘இது என் கையெழுத்தே இல்லை’ன்னு கோனாய் சொல்லிவிடக் கூடாது. அந்தப் பயத்தை உண்டாக்கணும், அவ்வளவுதான்.

கைரேகை என்றால் நமக்குப் போலீஸும் கொலையும்தான் ஞாபகம் வரும். ஆனால் இந்தக் கதை தொடங்கியது ஒரு வேலை ஒப்பந்தத்தில். 1877இல் ஹூக்ளியில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது ஹெர்ஷல் பென்ஷன் வாங்குபவர்களிடமும், பத்திரம் பதிபவர்களிடமும், சிறைக் கைதிகளிடமும் ரேகை வாங்கத் தொடங்கினார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் வந்தது. பதிவுகளை 1,024 பிரிவுகளாகப் பிரித்து, தேடியதை உடனே எடுக்க வழிசெய்யும் முறைக்கு அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பு அடிப்படை. முறைக்கு நிலைத்த பெயர் மட்டும் அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது.

கதவின் வரலாறு வேறு பாதையில் வந்தது. டர்ன்ஸ்டைலின் மூதாதை, இங்கிலாந்தின் வயல் வேலிகளில் இருந்த திறப்பு. மனுஷன் நுழையலாம், மாடு நுழைய முடியாது. 1916இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தொடங்கிய பிக்லி விக்லி கடையில் வாடிக்கையாளர்கள் டர்ன்ஸ்டைல் வழியாக உள்ளே போய், பொருள்களைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். இந்தக் கதவு ஒரு நேரத்தில் ஒருவரை விடும், எத்தனை பேர் என்று எண்ணும். வந்தது யார் என்பது அதற்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

அப்படியானால் கம்பெனி வாசலில் விரலை வைத்ததும் மூன்று இரும்புக் கைகளும் நமக்கு வழி விடுகின்றனவே, எப்படி?

இரண்டுக்கும் நடுவில் ஒரு பழைய மொழி இருக்கிறது. 1970களில் ஜான் வீகண்ட் ஒரு விசேஷமான உலோகக் கம்பியை உருவாக்கினார். காந்தப் புலத்தில் அது சட்டென்று திசை மாறி, ஒரு மின்துடிப்பைத் தரும். அந்தக் கம்பித் துண்டுகளை உள்ளே வைத்து அடையாள அட்டைகள் செய்தார்கள். அட்டையின் எண், ரீடரிலிருந்து இரண்டு ஒயர்களில் கன்ட்ரோலருக்குப் போகும். ஒன்றில் துடித்தால் பூஜ்யம், மற்றதில் துடித்தால் ஒன்று. பரவலான வடிவத்தில் மொத்தம் 26 பிட்: இடத்தின் குறியீட்டுக்கு 8, அட்டை எண்ணுக்கு 16, சரிபார்க்க 2. மறைகுறியாக்கம் கிடையாது.

அந்த அட்டைகள் போய்விட்டன, மொழி நின்றுவிட்டது. கைரேகை ரீடர்கள் வந்தபோது பழைய கன்ட்ரோலர்களோடு அவை பேசியாக வேண்டியிருந்தது. அதனால் பல ரீடர்கள் உங்கள் ரேகையைத் தங்களுக்குள்ளேயே ஒப்பிட்டுவிட்டு, வெளியே ஒரு எண்ணை மட்டும் அனுப்புகின்றன, நீங்கள் அட்டையைக் காட்டியது போலவே. கன்ட்ரோலர் அந்த எண்ணைத் தன் பட்டியலில் பார்க்கும். இருந்தால் ஒரு ரிலேயை நொடிப்பொழுது மூடும். கதவுக்குப் போய்ச் சேருவது அந்த ஒரு ‘டிக்’ மட்டும்தான். விரல் ரீடரிலேயே நின்றுவிடுகிறது.

ரீடர் ஒப்பிடும் விதத்தையும் பார்க்க வேண்டும். ரேகை எங்கே முடிகிறது, எங்கே கிளை பிரிகிறது என்று பார்த்து, பதிவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரு மதிப்பெண் போடும். பாஸ் மார்க்கை மனிதர்கள்தான் நிர்ணயிக்கிறார்கள். கூட்டினால் அந்நியர் நுழைவது குறையும், உரியவர் வெளியே நிற்பது கூடும். குறைத்தால் நேர்மாறு. சிமென்ட் குழைத்து, செங்கல் தூக்கி, பாத்திரம் தேய்த்து ரேகை தேய்ந்தவருக்கு இந்தத் தேர்வு மற்றவர்களைவிடக் கஷ்டம். உழைப்பைப் பதிவு செய்ய வைத்த கருவிக்கு, உழைத்த விரலே சரியாகப் புரிவதில்லை.

1858இல் அதிகாரி பயந்தது தொழிலாளியின் மறுப்புக்கு. இன்று மறுப்பது வாசல். சிவப்பு விளக்கு எரியும். ‘ஏன்’னு கேட்க அங்கே ஆளில்லை. கேட்டாலும் கதவுக்குக் காரணம் தெரியாது, அதற்கு ‘டிக்’ வரவில்லை, அவ்வளவே. தாமதமான நிமிஷங்களுக்குச் சம்பளம் பிடித்தால், அந்தக் கணக்கிலும் சிவப்பு விளக்கு இருக்காது.

தீ விபத்துக்கு மட்டும் யோசித்து வைத்திருக்கிறார்கள். மின்சாரம் போனால் கைகள் தானாகக் கீழே மடிந்து வழிவிடும் டர்ன்ஸ்டைல்கள் உண்டு. அடையாளம் தெரியாமல் நிற்பவருக்கும் ஒரு வழி சாத்தியம்தான்: வாட்ச்மேன் மேஜையில் ஒரு பட்டன். ரிலேயின் ஒயர்கள் சேரும் அதே இரண்டு முனைகளில் அதையும் இணைத்துவிடலாம். பட்டனை அழுத்தினாலும் கதவுக்குப் போவது அதே ‘டிக்’தான். ரேகை சொன்னதா, ‘இவரை எனக்குத் தெரியும், விடுப்பா’ என்று ஒரு மனுஷன் சொன்னதா, கதவு வித்தியாசம் பார்க்காது. அந்தப் பட்டனை வைப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்கிறவர்கள்தான் பார்க்கிறார்கள்.