மதில்மேல் பூனையும் அண்டை வீட்டு வழக்கும்



கிள்ளானில் நான் குடியிருக்கும் தாமானில், சென்ற பள்ளி விடுமுறையின்போது ஒரே காலையில் மூன்று பூனைகள் இறந்து கிடந்தன. ஒன்று சாக்கடை ஓரத்தில். ஒன்று விளையாட்டுத் திடலில் ஊஞ்சலுக்கு அடியில். மற்றொன்று எங்கள் வாயிற்கதவுக்கு நேர் எதிரே. வாயில் நுரை தள்ளியிருந்தபடியால் நஞ்சு வைக்கப்பட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டனர். பள்ளி திறந்த பிறகு, அதே தாமானிலிருந்து வரும் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி வகுப்பில் எழுந்து கேட்டாள்: “ஐயா, பூனை பக்கத்து வீட்டுக்குப் போனால் தப்பு பூனையோடதா, வளர்த்தவங்களோடதா?”

அன்று நான் விடை கூறவில்லை. கூறாமைக்குக் காரணம் உண்டு. என் தாயார் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தாமானுக்கு வந்த பின்னும் பின்கட்டில் நாலைந்து கோழிகள் இல்லாமல் அவரால் இருக்க இயலாது. பூனைகள் இறப்பதற்கு ஒரு திங்களுக்கு முன்னர்தான் அண்டை வீட்டுப் பக்கமிருந்து ஒரு கடுவன் பூனை மதிலேறி வந்து ஐந்து குஞ்சுகளைக் கொண்டுபோயிற்று. சினம் மேலிட்ட நான் சாமான் கடைக்குச் சென்று எலி நஞ்சு ஒரு பொட்டலம் வாங்கி வந்து காலணி அடுக்கின்மேல் வைத்தேன். அதைப் பிரிக்கவேயில்லை. ஆயினும் அம்மூன்று உடல்களையும் கண்ட காலையில் நான் முதலில் செய்தது, அப்பொட்டலம் பிரிபடாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்ததுதான்.

அம்மாணவியின் வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோது கண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

வேலியோரப் பூனை தமிழருக்குப் புதியதன்று. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 139ஆம் பாட்டு நம்மில் பலர் படித்ததே. மாலை வேளையில் வெருகு வேலியருகே வந்துவிட, வீட்டுக் கோழி தன் குஞ்சுகளை எங்கே ஒளிப்பது என்று அறியாமல் கூவிக் கூவிச் சேர்க்கும் பதற்றத்தை, ஊரார் பேசும் பழிச்சொல்லின் துன்பத்திற்கு உவமையாக்குகிறாள் தோழி. வெருகு என்பது காட்டுப் பூனை. வீட்டுப் பூனையைப் பூசை என்றும் பண்டையோர் வழங்கினர். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க ஆசைப்பட்ட பூசையாகத் தன்னைக் கம்பர் அவையடக்கத்தில் கூறிக்கொள்வது யாவரும் அறிந்தது. மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்திலோ, ஒற்றைக் காலில் தவம் செய்யும் பூனையைச் சுற்றி எலிகள் நிற்கின்றன. இவற்றில் எங்கும் பூனையின் உரிமையாளர் யார் என்ற வினா எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெருகுக்கு உரியவர் எவருமில்லை; ஆகவே கோழியை அடைப்பது கோழிக்காரியின் பொறுப்பு. சங்க காலத்துத் தீர்ப்பு அவ்வளவே.

மலாயாவின் தோட்டப்புறங்களில் வாழ்ந்த நம் முன்னோரும் ஏறக்குறைய இத்தீர்ப்பையே பின்பற்றினர் என்பது என் கருத்து. ஒரே கூரையின்கீழ் வரிசையாய் அமைந்த லயத்து வீடுகளுக்கு நடுவே மதில் ஏது? பூனை லயத்துப் பூனை. எந்த அடுப்பங்கரையில் கருவாட்டுத் தலை கிடைத்ததோ அவ்வீட்டுக்குரியது, அன்றைக்கு மட்டும். கோழிகள் மாலையில் பஞ்சாரத்தின் கீழ் மூடப்பட்டன. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தபோது எலிகள் பெருகின. பழக்குலைகளைக் கொறிக்கும் எலிகளை ஒடுக்கத் தோட்ட நிருவாகங்கள் பிற்காலத்தில் கூகைகளுக்குப் பெட்டி வைத்தனவேயன்றிப் பூனைகளை நம்பவில்லை. அதுவும் ஒரு வகையில் சரியே. 2018இல் நியூயார்க் நகரின் குப்பைக் கிடங்கு ஒன்றில் எலிகளையும் பூனைகளையும் 79 நாள்கள் படமெடுத்து ஆராய்ந்தவர்கள், பூனைகள் கொன்ற எலிகள் இரண்டே என்று கண்டனர். பருத்த எலியைக் காட்டிலும் கோழிக்குஞ்சு பூனைக்கு எளிது. என் தாயாரிடம் இதைக் கூறியபோது, “இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?” என்றார்.

நகரத்தின் கதை வேறு. 1881இல் கோலாலம்பூர் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்தபின், பிராங்க் சுவெட்டன்ஹாம் அத்தாப்புக் குடிசைகளுக்கு மாற்றாகச் செங்கல் கட்டடங்களை எழுப்பச் செய்தார். அச்செங்கல் சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். பின்னர் அங்கு இரயில்வே பட்டறைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் எழ, தமிழகத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் அடுத்தடுத்து வாழலாயினர். கடை வீடுகளின் பின்புறம் மலவாளி எடுப்போர் வந்து செல்வதற்காகப் பின்சந்துகள் விடப்பட்டன. வாளி எடுக்கும் தொழில் மறைந்த பின்னரும் சந்துகள் மறையவில்லை; உணவகங்களின் எச்சிலும் எலியும் பூனையும் அவற்றைத் தமதாக்கிக்கொண்டன. இன்றும் பிரிக்பீல்ட்சின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளின் பின்புறம் சென்று பாருங்கள். பகல் இரண்டு மணிக்கு அங்கே ஒரு பந்தி நடக்கும்.

நகரத்தில் நாயும் பூனையும் சட்டத்தின் கண்ணில் பிரிந்த கதையும் சுவையானது. நாயின்மீது சட்டம் விரைவாகவே கை வைத்தது, காரணம் வெறிநோய். 1952இல் கோலாலம்பூரில் அந்நோய் பரவியபோது நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி போடப்பட்டது, தெருநாய்கள் கொல்லப்பட்டன. நாய்க்குக் கழுத்துப்பட்டையும் உரிமமும் வந்தன. நாயைப் பார்த்தால் உரியவர் யார் எனக் கேட்கும் வழக்கமும் வந்தது. பூனைக்கு இவை வாய்க்கவில்லை. நம் மலாய் அண்டை அயலார் பூனையைத் தூய பிராணியாகக் கருதி வீட்டினுள் விடுகின்றனர். நபித்தோழர் ஒருவர் அபூ ஹுரைரா, அதாவது பூனைக்குட்டியின் தந்தை, என்னும் பெயராலேயே அழைக்கப்பட்டார் என்பதை அவர்களிடமிருந்து நான் அறிந்தேன். நாய் வளர்ப்பவர் பெரும்பாலும் நாம். பூனை வளர்ப்பவர் பெரும்பாலும் அவர்கள். ஆகையால் ஒரு தாமானில் பூனை பற்றிய பூசல் எழும்போது அது பூனையைப் பற்றியதாக மட்டும் நின்றுவிடுவதில்லை. இதை வெளிப்படையாக எழுதத் தயங்கினேன். எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

இனி மாணவியின் வினாவுக்கு வருவோம். ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் மாடு வேலி தாண்டிப் பயிரை மேய்ந்தால் உரியவர் இழப்பீடு தரவேண்டும். இந்தியாவில் 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் அத்தகைய மாடுகளைப் பவுண்டியில் அடைக்க வழி செய்தது. பூனைக்கு என்ன நெறி? 1926இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ‘பக்கிள் எதிர் ஹோம்ஸ்’ என்னும் வழக்கில் இதை ஆராய்ந்தது. ஒருவரது பூனை அண்டை நிலத்தில் புகுந்து 13 புறாக்களையும் இரண்டு சிறு கோழிகளையும் கொன்றுவிட்டது. இழப்பீடு கோரியவர் தோற்றார். பறவையைப் பிடிப்பது பூனையினத்தின் இயல்பு. தன் இயல்பின்படி திரியும் பூனை செய்ததற்கு வளர்த்தவர் பொறுப்பாகார். இயல்புக்கு மீறிய தீய குணம் அதற்கு இருந்து, அதை அவர் அறிந்திருந்தால் மட்டுமே பொறுப்பாவார் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

எங்கோ இங்கிலாந்தில் செத்த புறாவுக்கும் கிள்ளானில் போன கோழிக்குஞ்சுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. நமது 1956ஆம் ஆண்டுக் குடியியல் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் நாளில் இங்கிலாந்தில் நிலவிய பொதுச் சட்டத்தைத் தீபகற்ப மலேசியாவில் பின்பற்றத்தக்கதாக்கியது. உள்நாட்டுச் சட்டம் வேறு வகை செய்யாத இடத்து, உள்ளூர்ச் சூழலுக்குப் பொருந்தும் அளவுக்கு. இங்கிலாந்து தன் பிராணிச் சட்டத்தை 1971இல் திருத்தியமைத்தது. நமக்கு வந்து சேர்ந்ததோ அதற்கு முந்திய சரக்கு. வழக்கறிஞர் அல்லாத நான் இதற்குமேல் செல்லவில்லை. ஆனால் ஐந்து குஞ்சுகளுக்காக வழக்காடினால் எனக்கு என்ன கிடைத்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. ஒக்கூர் மாசாத்தியாரின் ஊரும் இலண்டன் நீதிபதிகளும் கோழிக்காரியிடமே பொறுப்பை விட்டுவிட்டனர்.

நஞ்சு வைத்தவருக்கு வரும் சட்டம் இவ்வளவு மென்மையானதன்று. ஆனால் அது அந்நிலைக்கு வந்த வழி நீண்டது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 428ஆம் பிரிவு, பத்து ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள பிராணியைக் கொல்வதையும் நஞ்சிடுவதையும் குற்றமாக்கியது. அதாவது உயிருக்கு அன்று, உடைமைக்குத்தான் காவல். நம் நாட்டுத் தண்டனைச் சட்டம் அவ்வழி வந்ததே. 428 என்னும் எண்கூட மாறவில்லை. கொடுமைக்கெனத் தனியே இருந்த 1953ஆம் ஆண்டின் பிராணிகள் சட்டமோ 200 ரிங்கிட்டுக்கு மேல் தண்டம் விதிக்க இடம் தரவில்லை. 2011இல் நோன்புப் பெருநாள் விடுமுறைக்காக டாமன்சாரா டாமாயில் ஒரு பிராணி விடுதியில் விடப்பட்ட நூற்றுக்கணக்கான பூனைகள் பட்டினியிலும் அழுக்கிலும் தவிக்க விடப்பட்டன, பல இறந்தன. அப்போதுதான் அந்த 200 ரிங்கிட் எவ்வளவு சிறியது என்பது பொதுமக்களுக்கு உறைத்தது. 2013இல் உச்சத் தண்டம் 50,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. பின்னர் 2015ஆம் ஆண்டின் பிராணிகள் நலச் சட்டம் 2017 ஜூலை 18ஆம் நாள் நடப்புக்கு வந்தது. கொடுமை இழைத்தவருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை தண்டம், அல்லது மூன்றாண்டுக்கு மேற்படாத சிறை, அல்லது இரண்டும். 2018 செப்டம்பரில் கோம்பாக்கில் ஒரு சலவைக் கடையின் உலர்த்தும் இயந்திரத்தில் சூல் கொண்ட பூனையை இட்டுக் கொன்றவர்கள் சிறைத் தண்டனை பெற்றது இச்சட்டத்தின்படியே. அவர்கள் நம்மவர் என்ற செய்தி வந்த நாளில் ஆசிரியர் அறையில் எவரும் அதிகம் பேசவில்லை.

கொல்லாமல் அகற்றிவிட்டால் என்ன என்று கேட்பவரும் உளர். மூட்டையில் கட்டிச் சந்தையோரம் விட்டு வருவது நம்மிடையே நெடுநாள் வழக்கம். 2009இல் கிள்ளானுக்கு அப்பாலுள்ள பூலாவ் கெத்தாமில், தொல்லை தாங்காத ஊரார் முந்நூறுக்கும் மேற்பட்ட நாய்களைப் பிடித்து ஆளில்லாத சதுப்புநிலத் தீவுகளில் விட்டனர். உணவும் நன்னீரும் இல்லாத அவ்விடத்தில் நாய்கள் ஒன்றையொன்று தின்னும் நிலை வந்ததை அந்நாளைய நாளேடுகள் படத்துடன் வெளியிட்டன. பூனையைப் பொறுத்தவரை இதனால் பயனும் இல்லை. உணவு கிடைக்கும் இடம் காலியானால் அடுத்த சந்துப் பூனை அங்கே குடியேறும். பெண் பூனை பிறந்த ஐந்தாறு திங்களில் சினைக்குத் தயாராகிறது. சூல் காலம் ஏறத்தாழ ஒன்பது வாரமே. பிடித்து, கருத்தடை செய்து, அடையாளமாகக் காது நுனியைச் சிறிது நறுக்கி, அதே இடத்தில் விடும் முறையைப் பிராணிவதைத் தடுப்புச் சங்கங்கள் வலியுறுத்துவது இதனால்தான். கருத்தடை செய்த கடுவன் இரவில் கத்துவதும் சண்டையிடுவதும் மதிலில் மூத்திரம் தெளிப்பதும் பெரிதும் குறைகின்றன.

நம் அண்டை நாடான சிங்கப்பூர் வேறு வழி கண்டது. அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்ககங்களில் 1989 முதல் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1ஆம் நாள் அத்தடை நீங்கி, வீட்டுக்கு இரு பூனைகள், உரிமம், அடையாளச் சில்லு, சன்னல் வலை என்னும் ஒழுங்குமுறை வந்தது. பூனைக்கு அங்கே உரிமையாளர் கிடைத்துவிட்டார்.

எங்கள் தாமானில் அது கிடைக்கவில்லை என்பதை நான் அறிந்துகொண்டது அடுத்த வீட்டு மலாய் மூதாட்டியிடம் பேசியபோதுதான். ஏழு ஆண்டுகளாக மதிலுக்கு அப்பாலும் இப்பாலும் இருக்கிறோம்; பெருநாளுக்குப் பலகாரம் மாற்றிக்கொள்வோம்; பூனையைப் பற்றி மட்டும் ஒரு சொல் பேசியதில்லை. இறந்தவற்றுள் ஒன்று அவர் பேரன் மடியில் உறங்கும் பூனை. “சிகு, அவை என் பூனைகள் அல்ல. வருகின்றன, சோறு வைக்கிறேன்” என்றார். சிகு என்பது ஆசிரியரை மலாய்க்காரர் விளிக்கும் சொல். குஞ்சுகள் போன செய்தி அவருக்குத் தெரியாது. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டார். அதற்கும் என்னிடம் விடை இல்லை. காலணி அடுக்கின்மேல் இருந்த பொட்டலத்தைப் பற்றி நான் அவரிடம் கூறவில்லை. அன்றிரவே அதை அப்புறப்படுத்தினேன்.

எஞ்சிய பூனைகள் நான்கு. கால்நடை மருத்துவர் கேட்ட தொகையை இருவரும் பாதிப் பாதியாக ஏற்றோம். கூண்டு இரவல் கிடைத்தது. அவித்த கெம்போங் மீன் உள்ளே வைத்தோம். முதல் வாரத்தில் மூன்று அகப்பட்டன. நஞ்சு வைத்தவர் யார் என்பது இதுவரை தெரியவில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம்.

நான்காவது, அந்தக் கடுவன், கூண்டைச் சுற்றி வந்து மீனை முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. அம்மாணவிக்கு இவற்றையெல்லாம் ஒரு பாட வேளையில் கூறினேன். அவள் நெடுநேரம் யோசித்து, “அப்போ ஐயா, கோழியை யாரு அடைக்கணும்?” என்றாள். என் தாயார் இப்போது மாலை ஆறரைக்கே பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதன்மேல் அம்மிக் குழவியை வைத்துவிடுகிறார்.