மருந்து வந்த வழி

மருந்துப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அது கைமாறும் இடந்தோறும் ஒரு பதிவு. ஒருமுறை எழுதியதை எவரும் இரகசியமாகத் திருத்த முடியாதவாறு பலரிடமும் பிரதியாயிருக்கும் ஒரு பேரேடு. இதனையே இன்று பிளாக்செயின் என்கின்றனர். வெப்பத்தை அளந்து கணந்தோறும் செய்தி அனுப்பும் உணரிகளும் இதனோடு சேர்ந்துவிட்டால் போலி மருந்தும் கெட்ட மருந்தும் ஒழிந்துவிடும் என்பது வாதம். நல்லதுதான். ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்காலச் சரித்திரத்தை அறிந்த நாம், இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றுப்போயிற்று; ஆனையிறவுப் பாதை அடைபட்டது. அதே ஆண்டில் யாழ். போதனா வைத்தியசாலையைச் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் தன் பாதுகாப்பில் ஏற்றது. மருந்தும் உணவும் செஞ்சிலுவைக் கொடியின் துணையோடு கடல்வழியாக வரவேண்டியதாயிற்று. தடுப்புமருந்துகளிற் பலவற்றை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் காக்கவேண்டும். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெயோ கட்டுப்பாட்டுப் பண்டம். இன்றைய உணரி அன்று கிடைத்திருந்தாலும் அதை இயக்கப் பற்றரி எங்கே? தடைப்பட்டியலில் பற்றரியும் இருந்ததைப் பலர் மறந்துவிட்டனர்! 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மறுபடியும் மூடப்பட்டபோது குடாநாடு மீண்டும் கப்பலை நோக்கிக் காத்துக்கிடந்தது. மருந்து எங்கே நிற்கிறது என்பது அன்றும் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

மின்சாரம் வேண்டாத உணரியும் ஒன்றுண்டு. 1996 முதல் போலியோச் சொட்டுமருந்துக் குப்பிகளில் ஒட்டப்பட்ட சிறு வட்டம் அது. வெப்பம் பட்டுப்பட்டு அதன் நடுவிலுள்ள வெண்சதுரம் கருமையடையும்; வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் குப்பியை எறிந்துவிட வேண்டியதே. எழுத்தறியாத தாயும் கண்ணாற் கண்டு தீர்ப்புக் கூறலாம்.

இனிப் பேரேட்டுக்கு வருவோம். 1971இல் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பேராசிரியர் சேனக பிபிலேயும் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. வணிகப்பெயரை விடுத்து மருந்தின் பொதுப்பெயரால் வாங்குவது, உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோருவது என்பன அவர்கள் வகுத்த நெறி. பன்னாட்டுக் கம்பனிகள் இதனை மன்னிக்கவில்லை. பிபிலே 1977இல் கயானாவில் காலமானார். 2023இலோ, போலிப் பத்திரங்களைக் காட்டித் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து அரசாங்க வைத்தியசாலைகளுக்கு விற்கப்பட்டதென்று வழக்கெழுந்தது. அக்காலத்துச் சுகாதார அமைச்சரே 2024 பெப்ரவரியில் கைதானார். இங்கே பொய் நுழைந்தது வழியிலன்று, வாசலிலேயே என்பதுதான் குற்றச்சாட்டு. அழிக்கமுடியாத பேரேடொன்று இருந்திருப்பின், அந்தப் பொய்யையும் அது அழியாமற் காத்திருக்கும்.

ஆகவே அப்பேரேடு வருமாயின், பெட்டியின் எண்ணும் வெப்பநிலையும் மட்டும் அதில் ஏறினாற் போதாது. கொடுத்த விலையும், கேள்விப்பத்திரமும், பதிவு விலக்களித்தவரின் கையொப்பமும் ஏறவேண்டும். மந்திகை வைத்தியசாலையில் துண்டோடு வரிசையில் நிற்பவரும் அதனைத் தமிழிற் திறந்து வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும்.