பிடி அரிசியும் தேர்ச்சி விகிதமும்: கரிசல் நாட்டில் படிப்புக்கான உழைப்பு யாருடையது?

 விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமிதான்: கரிசலும் செவலும், மழை வந்தால் பெருகும் கண்மாய், வராவிட்டால் சீமைக்கருவேலம். முன்னேற்றத்துக்குத் தனிக்கவனம் தேவைப்படும் மாவட்டங்களாக 2018இல் நிதி ஆயோக் தமிழகத்தில் இரண்டைத் தேர்ந்தது. ஒன்று ராமநாதபுரம், மற்றது விருதுநகர். அதே 2018இல் பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்ததும் விருதுநகர்தான், 97 சதவீதத்துக்கு மேல். 2023இலும் அந்த இடம் அதற்கே கிடைத்தது. 2011 கணக்கெடுப்பிலோ மாவட்டத்தின் எழுத்தறிவு சுமார் 80 சதவீதம். மாநிலச் சராசரியும் ஏறக்குறைய அதுவே.

இந்த முரணுக்கு ஊரில் சொல்லப்படும் விளக்கம் எளிது: 'காட்டுல வேகிறதுக்குப் படிச்சிரலாம்னு பிள்ளைகள் கஷ்டப்பட்டுப் படிக்கிறாங்க.' உண்மைதான், ஆனால் பாதி உண்மை. கெட்டிக்காரத்தனமா, கடும் உழைப்பா என்று பிள்ளையை மட்டும் நிறுத்தி வைத்துக் கேட்பதால்தான் மறுபாதி மறைந்துபோகிறது.

திண்ணைப் பள்ளியில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. மணலில் எழுதுவது, சட்டாம்பிள்ளை முன்னால் ஒப்பிப்பது, எண்சுவடியை உருப்போடுவது எனப் பயிற்சியும் அறிவும் அங்கே ஒன்றாகவே எண்ணப்பட்டன. தேர்வும் மதிப்பெண்ணும் கொண்ட ஆங்கிலப் பள்ளி வந்த பிறகே இரண்டும் பிரிந்தன. அந்தப் பிரிவினையின் சின்னமாகத் திருச்சுழிப் பையன் ஒருவனைச் சொல்லலாம். 1879 டிசம்பர் 30இல் அங்கே பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி. ஒருமுறை கேட்ட பாடம் அப்படியே நினைவில் நிற்கும், ஆனால் படிப்பில் ஊக்கமில்லை என்று அவருடைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மதுரையில் படித்தபோது, பெயினின் ஆங்கில இலக்கணத்தில் ஒரு பாடத்தை மூன்று முறை எழுதிவரும்படி தண்டனை. 1896 ஆகஸ்ட் 29 அன்று இரண்டு முறை எழுதியவர் மூன்றாவதைத் தொடாமல் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டார். கூர்மையான நினைவாற்றல் இருந்தும், மனம் ஒட்டாத பாடத்தைப் பள்ளியால் அவருக்குள் ஏற்ற முடியவில்லை.

இதற்கு நேரெதிர் நிலை விருதுநகரில். அங்கே நாடார் உறவின்முறை 1880களில் மகமைப் பணத்தில் க்ஷத்திரிய வித்யாசாலையைத் தொடங்கியது. வியாபாரத்தில் ஒவ்வொரு பேரத்திலும் ஒரு சிறு பங்கை எடுத்துவைப்பது மகமை. வீடுதோறும் சமைக்கும் அரிசியில் ஒரு பிடியைப் பள்ளிக்கென ஒதுக்கியது பிடி அரிசித் திட்டம். இந்த இடத்தில் ஆய்வாளர் நின்று நிதானிக்க வேண்டும் என்பது என் கருத்து. உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஊர்ப் பிள்ளையின் படிப்பை ஒரு பெண் நினைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. அந்தப் பெண்களில் பலர் பள்ளி வாசலை மிதித்தே இருக்கமாட்டார்கள். இந்த வட்டாரக் கல்வி வரலாற்றில் 'கடும் உழைப்பு' என்ற சொல் முதலில் அவர்களுக்கே உரியது.

அந்தப் பள்ளியில் படித்த காமராஜர், தந்தையை ஆறு வயதில் இழந்தவர். ஆறாம் வகுப்போடு நின்று மாமாவின் துணிக்கடைக்குப் போனார். இலவசக் கல்வி இருந்தும் குடும்பத்தின் வறுமையை அதனால் தாண்ட முடியவில்லை. 1954இல் முதல்வரானதும் அவர் எடுத்த நடவடிக்கைகளை இந்த அனுபவத்தோடு சேர்த்தே படிக்கவேண்டும். ராஜாஜி காலத்து அரைநேரக் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. எட்டயபுரத்தில் 1956இல் மதிய உணவு தொடங்கியது. கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்களே நாற்காலியும் கரும்பலகையும் சீருடையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிடி அரிசி மாநில அளவுக்குப் பெருகியதாகவே இதைப் பார்க்கிறேன்.

பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தை அளக்கப் புறப்பட்டவரும் முதலில் உதவியைத்தான் நினைத்தார்: பாரிஸில் 1905இல் அறிவுச் சோதனையை உருவாக்கிய ஆல்பிரட் பினேயின் நோக்கமும் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதுதான். அறிவு என்பது கூட்டவே முடியாத ஓர் அளவு என்ற எண்ணத்தை அவர் கண்டித்தார். அமெரிக்காவுக்குப் போன பிறகே அந்தச் சோதனை மனிதரைத் தரம்பிரிக்கும் கோலாயிற்று. நம் ஊரில் 'மக்கு', 'மண்டையில ஏறாது' என்னும் சொற்கள் அந்த வேலையைச் சோதனை எதுவும் இல்லாமலே செய்துவந்தன. பசியோடு வந்த பிள்ளைக்கும், முந்தின நாள் தீப்பெட்டி ஒட்டிவிட்டு வந்த பிள்ளைக்கும் அதே பட்டம்தான் கிடைத்தது.

1985இல் தனி மாவட்டமான பிறகு விருதுநகர் நீண்டகாலம் பிளஸ் டூ பட்டியலின் உச்சியில் இருந்தது. சிறப்பு வகுப்பு, வாரத் தேர்வு, பின்தங்கியவர்களுக்குத் தனிப் பயிற்சி எனக் கூட்டு உழைப்பு பள்ளிக்கூட நடைமுறையாக மாறியது இக்காலத்தில்தான். இதில் எனக்கு ஒரு கவலை உண்டு. தேர்ச்சி விகிதம் கடைசி மாணவரைக் கரையேற்றியதைக் காட்டும். அவர் என்ன புரிந்துகொண்டார் என்பதைக் காட்டாது. வினாத்தாள் தொகுப்பை உருப்போட்டு வந்த தேர்ச்சியும், பெயினின் இலக்கணத்தை மூன்று முறை எழுதுவதும் ஒரே வகை உழைப்பு. ஆனாலும், முதல் தலைமுறையாகப் படிக்கும் பெண்ணுக்கு அந்தச் சான்றிதழ் கல்யாணத்தைச் சில வருஷம் தள்ளிப்போடும், கல்லூரி வாசலைத் திறக்கும். அதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை.

2017இல் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் தமிழகத்துக்கு வந்ததும் பழைய கேள்வி புது உருவில் திரும்பியது. இரண்டு வருடப் பள்ளி உழைப்பை ஒரே நாள் தேர்வு பின்னுக்குத் தள்ளியது. தனிப்பயிற்சிக்குக் கட்ட முடிந்த பணம் 'திறமை' என்ற பெயரில் தரவரிசைக்குள் நுழைந்தது. 2020இல் மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தந்தபோது, மதிப்பெண்ணுக்குள் வீடும் பள்ளியும் கலந்திருப்பதை அரசு சட்டமாகவே ஏற்றது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பும் தாயின் பிள்ளைக்கு, முதல் பாடவேளைக்கு முன்பே ஒரு தட்டு உப்புமாவோ பொங்கலோ கிடைக்கிறது.