மாமாவின் பிளாப்பி

போன வருசம் கூலாயில் மாமா வீட்டு அலமாரியைக் காலி செய்தபோது ஒரு பிளாப்பி கிடைத்தது. மேலே பேனாவில் ‘கோயில் மலர் 1993’. தோட்டம் கைமாறியபோது கோயிலைப் பெயர்த்துக்கொண்டு வந்த கதையைத் தாத்தா அந்த மலரில் எழுதியிருந்தார். அச்சுப் பிரதி இப்போது யாரிடமும் இல்லை. அதிசயமாக, கோப்பு திறந்தது. உள்ளே பிரெஞ்சு எழுத்துகள், கிரேக்க எழுத்துகள், பெட்டிக்கோடுகள். தமிழ் ஒன்றுகூட இல்லை. “ஸ்கிரீன்ல தமிழாத்தாண்டா தெரிஞ்சிச்சி,” என்றார் மாமா.

அவர் சொன்னது உண்மைதான். டாஸ் காலத்துத் தமிழ் கோப்பில் இருக்கவில்லை. திரையில் மட்டுமே இருந்தது. ஐபிஎம் கணினித் திரைக்கு மொத்தம் 256 உருவங்கள். பாதி ஆங்கிலத்துக்குப் போனால் மிச்சம் 128. நம்முடைய 247 எழுத்தும் அதில் அடங்காது. எனவே கொம்பு, கால், சுழி என்று எழுத்துகளைப் பிய்த்து வைத்தார்கள். முத்து நெடுமாறன் மலேசியாவில் முரசைத் தொடங்கிய 1985-இல் யூனிகோடு பிறக்கவே இல்லை. ஆளாளுக்கு ஓர் அட்டவணை.

உருவங்களை மாற்ற வழி, மென்பொருள் இன்டரப்ட். நிரல் ஓர் எண்ணைச் சொல்லும். செயலி கைவேலையை நிறுத்தி, நினைவகத்தின் தொடக்கத்தில் இருக்கும் 1024 பைட் அட்டவணையைப் பார்த்து, அந்த எண்ணுக்கு உரிய நிரலுக்குப் போகும். திரைக்கு எண் 16. முதல் 32 எண்களை இன்டெல் தனக்கென ஒதுக்கி வைத்திருந்தது. 1981-இல் ஐபிஎம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. (வாடகைக்கு வந்தவர் சுவரெல்லாம் ஆணி அடித்த கதை.) இஜிஏ, விஜிஏ அட்டைகள் வந்தபின், புதிய உருவங்களின் முகவரியை ஈஎஸ், பிபி என்ற பதிவகங்களில் வைத்து 16-ஐ அழைத்தால், பிரெஞ்சு எழுத்து இருந்த இடத்தில் ‘க’ வந்து உட்காரும்.

அந்தத் திரையை மறுபடி உண்டாக்கிப் பார்க்க ஆசை. ஸ்கூடாயில் படித்தபோது அசெம்பிளி எழுதிய தைரியம் வேறு. கருவி டிஜேஜிபிபி. டி. ஜே. டெலோரி 1989-இல் தொடங்கியது; 1996-இல் குவேக் விளையாட்டின் டாஸ் பதிப்பை இதில்தான் உருவாக்கினார்கள். இது 386-இன் புரொடெக்டட் மோடில் ஓடும். சி நிரலுக்குள் அசெம்பிளி வரியைச் செருகி 16-ஐ அழைத்தேன். திரை முழுக்கப் புழுதி. அடுத்த நொடி நிரலும் செத்தது.

இரண்டு தப்பு. புரொடெக்டட் மோடில் ஈஎஸ்ஸில் இருப்பது முகவரியே இல்லை, ஒரு டோக்கன் மாதிரி. அழைப்பை ரியல் மோடுக்குக் கடத்தும்போது மற்ற பதிவகங்கள் அப்படியே போகும், ஈஎஸ் போகாது. பயோஸ் வேறெங்கோ கிடந்த குப்பையை எழுத்தாக வரைந்துவிட்டது. பிபியோ, கம்பைலர் தன் கணக்குக்காக வைத்திருந்த பதிவகம். நான் பத்திரப்படுத்தாமல் அழித்திருந்தேன்.

1990-இன் டிபிஎம்ஐ விதிப்படிதான் வேலை நடந்தது. ஒரு மெகாபைட்டுக்குக் கீழே இடம் வாங்கி, 128 உருவங்களின் 2048 பைட்டை அங்கே நகலெடுத்து, பதிவக மதிப்புகளை 50 பைட் படிவத்தில் நிரப்பி, 31எச் இன்டரப்டிடம் கொடுக்க வேண்டும். கதவை நேராகத் தட்டாமல், கௌண்டரில் மனு கொடுப்பதுபோல.

ஆனால் உருவங்கள்? பழைய எழுத்துரு பிளாப்பியில் இல்லை. முதல் வரி ‘கோயில் மலர்’ என்றுதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு கொம்பு, க, கால் என ஆரம்பித்தேன். பொருந்தியது. இப்போது ஞாயிறுதோறும் மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஊகம் சொல்கிறார். 61 உருவங்கள் தேறிவிட்டன. தாத்தாவின் மூன்றாம் பத்தியில் நிற்கிறோம். ‘ஞ’ இன்னும் அகப்படவில்லை.