கார் நிக்கோபார் திருச்சபையும் சமாதான வாழ்வும்

அந்தமான் நிக்கோபார் தீவுக்கூட்டத்தில், போர்ட் பிளேருக்கு (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) தெற்கே ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தட்டையான பவளத் தீவு கார் நிக்கோபார் ஆகும். இங்கு வாழும் நிக்கோபாரிய மக்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். கூடுமானவரை எல்லா மனிதரோடும் சமாதானமாயிருக்க வேண்டும் என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் பவுல் வலியுறுத்தும் கடமை, தனிமனித நற்குணமாக நின்றுவிடாமல் ஊர் வாழ்க்கையின் ஒழுங்காகவே வேரூன்றியதற்கு இத்தீவு ஓர் அரிய எடுத்துக்காட்டு.

நிக்கோபார்த் தீவுகளுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவரும் தொடக்ககால முயற்சிகள் தோல்வியில் முடிந்தன. டேனியர் ஆதரவுடன் 1768இல் நான்கௌரியில் குடியேறிய மொரேவிய சபைப் போதகர்கள், காய்ச்சலுக்குப் பலரைப் பலிகொடுத்து, 1787இல் பணியைக் கைவிட்டனர். ஒரு நூற்றாண்டுக்குப் பின் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் பணியைத் தொடங்கியவர் வேதப்பன் சாலமோன் என்னும் தமிழ் உபதேசியார். உபதேசியார் என்பவர் குருப்பட்டம் பெறாமல் வேதம் கற்பித்துச் சபையை நடத்துபவர். சாலமோன் பள்ளி ஆசிரியராகவும் பிரிட்டிஷ் அரசின் முகவராகவும் ஒருங்கே பணியாற்றினார். அவருடைய நாட்குறிப்பின் பகுதிகள் 1902இல் இங்கிலாந்தின் மானிடவியல் ஆய்விதழில் வெளிவந்தன. தீய ஆவியின் துணையால் ஊருக்குக் கேடு விளைவிப்பவர் என்று கருதப்பட்டவரை ஊரார் கூடி முடிவெடுத்துக் கொல்லும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. ஊரைக் காப்பதாக நம்பிச் செய்த அச்செயலைக் கொலை என்று உணரவைப்பது சட்டத்தால் மட்டும் ஆகக்கூடியதன்று. அயலாரைக் குறித்த அச்சமே மாற வேண்டியிருந்தது. அந்த மாற்றத்தின் தொடக்கத்தில் நின்ற சாலமோனைத் தமிழ்த் திருச்சபை வரலாறு இன்னும் போதிய அளவு நினைவுகூரவில்லை என்பது வருந்தத்தக்கது.

சாலமோனின் மாணவருள் ஒருவர் மூஸ் கிராமத்தில் 1884இல் பிறந்த ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவில் மிஷன் பள்ளியில் பயின்று திரும்பிய அவர், ஆசிரியராகவும் உபதேசியாராகவும் பணிசெய்து, பின்னர் குருப்பட்டம் பெற்று, புதிய ஏற்பாட்டைக் கார் நிக்கோபாரிய மொழியில் பெயர்த்தார். இரண்டாம் உலகப் போரில் தீவு ஜப்பானியர் வசமானது. 1945இல், தோல்வி நெருங்கிய வேளையில், ஒற்றர்கள் என்ற ஐயத்தின் பேரில் நிக்கோபாரியர் பலர் சித்திரவதைக்குள்ளாகிக் கொல்லப்பட்டனர். ரிச்சர்ட்சனின் மகனும் பலியானார். ரிச்சர்ட்சனும் மரணத்தின் விளிம்பு வரை சென்று மீண்டார். அக்கொலைகளுக்குப் பொறுப்பானவர்கள் 1946இல் சிங்கப்பூரில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் தண்டிக்கப்பட்டனர். தண்டனை நீதிமன்றத்தின் வேலையாயிருக்க, ரிச்சர்ட்சன் பள்ளிக்கும் ஆலயத்துக்கும் திரும்பினார். போருக்குப் பிந்திய ஆண்டுகளிலேயே தீவின் பெரும்பகுதி திருமுழுக்குப் பெற்றது. 1950இல் ஆயராக உயர்த்தப்பட்ட அவர், முதல் மக்களவையில் இத்தீவுகளின் நியமன உறுப்பினராகவும் இருந்து, 1978இல் மறைந்தார்.

இச்சமாதான வாழ்வுக்கு இடமளித்தது திருச்சபை வருமுன்பே இருந்த ‘துஹெத்’ அமைப்பு. துஹெத் என்பது பல தலைமுறையினர் சேர்ந்த கூட்டுக் குடும்பம். தென்னந்தோப்பும் பன்றிகளும் அதன் பொதுச் சொத்து. யாருக்கு எது தேவை என்பதைக் குடும்பத் தலைவர் பார்த்துப் பகிர்கிறார். கிராமத்துக்குக் கேப்டன்கள் என்னும் தலைவர்கள் உண்டு. தகராறுகள் அவர்கள் முன்னிலையில் பேசித் தீர்க்கப்படுகின்றன. திருச்சபை இந்த அமைப்பைக் கலைக்காமல் அதனுள்ளேயே புகுந்தது. பன்றி விருந்தும் வட்ட நடனமும் கிறிஸ்தவர்களான பின்னும் தொடர்கின்றன. பழைய வழக்கம் அனைத்தையும் அழித்தே நம்பிக்கையை நாட்டவேண்டும் என்று கருதிய பிற பணித்தளங்களோடு ஒப்பிட்டால், இதன் விவேகம் புலப்படும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கடலோரக் கிராமங்களை அழித்தபோது இவ்வமைப்பு கடும் சோதனைக்கு உள்ளானது. உயிர் தப்பியோர் தீவின் உட்பகுதிக்கு இடம்பெயர்ந்து, எஞ்சிய உணவைப் பகிர்ந்து வாழ்ந்தனர். ஆனால் பின்னர் வந்த நிவாரணப் பணமும் வீடுகளும் பெரும்பாலும் கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற சிறு குடும்பத்தை அலகாகக் கொண்டே வழங்கப்பட்டன. பொதுவில் உண்டவர்களின் கையில் தனித்தனி வங்கிக் கணக்கு வந்தபோது, துஹெத்துக்குள் அதுவரை அறியாத பிணக்குகள் எழுந்தன. உதவி செய்ய வந்தோர் அம்மக்களின் உறவுமுறையை முதலில் கேட்டறிந்திருக்க வேண்டும். பேரலை அழித்ததைவிடப் பணம் பிரித்ததைச் சீர்செய்வதே கடினமான பணி என்பதால், துஹெத் தலைவர்களும் பழங்குடி மன்றமும் திருச்சபையும் இன்றளவும் அதற்குத் தோள்கொடுக்க வேண்டியுள்ளது.