கண்மாய் மீட்பு

இராமநாதபுரம், சிவகங்கை போன்ற வறண்ட சீமைகளில் மழைநீரைத் தேக்கி வயலுக்கு விடும் ஏரி கண்மாய் எனப்படும். இதன் மீட்பைத் தூர்வாருதலாக மட்டும் கொள்வது பெரும் பிழை. கண்மாய் தனியொரு குழியன்று. நீர் கொண்டுவரும் வரத்துக்கால், கரை, வயலுக்கு நீர் விடும் மடை, மிகுநீர் வழியும் கலுங்கு ஆகியவை சேர்ந்த அமைப்பு. மேல் கண்மாயின் கலுங்கு வழியும் நீரே பல இடங்களில் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. இடையில் ஒரு கால் சீமைக்கருவேலத்தாலோ ஆக்கிரமிப்பாலோ அடைபட்டால், கீழே எவ்வளவு தோண்டினாலும் நீர் வராது. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்து நீர் ஆடுமாடுகளுக்கும் கிணற்று ஊற்றுக்கும் உதவும். தானாக வயலுக்குப் பாயாது.

ஆழ்துளைக் கிணறு இருக்கக் கண்மாய் எதற்கு என்பர். இராமநாதபுரத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் உவர்ப்பு. நல்ல நீருள்ள ஊர்களிலும் கண்மாய் நிரம்பினால்தான் கிணறு ஊறும். மழையே பொய்த்தால் என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. அடுத்தடுத்த வறட்சியைக் கண்மாய் தாங்காதுதான். ஆனால் இங்கு வடகிழக்குப் பருவமழையின் பெரும்பகுதி சில நாள்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதைக் கண்மாய் தேக்கிவைத்தால், கதிர் பால்பிடிக்கும் வேளையில் கிடைக்கும் ஓரிரு நனைப்புகள் விளைச்சலைக் காக்கின்றன. அந்த நனைப்பைக் கடைமடை வரை முறைவைத்துப் பாய்ச்சியவர் நீர்க்கட்டி. 2017இல் தமிழக அரசு ஊராரே நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்து முறையைப் புதுப்பித்துப் பாசனதாரர்களிடம் பணியை ஒப்படைத்தது சரியான திசை. மண்வேலையோடு நீர்க்கட்டியின் பொறுப்பும் அவருக்குரிய கூலியும் ஊருக்குத் திரும்ப வேண்டும். இல்லையேல் நிரம்பிய கண்மாயிலும் முதல்மடைக்காரருக்கே நீர் போகும்.